கவசக் கப்பல்காரி

எங்கள் கடைக்கு வந்த முதல் நாளே எனக்கும் என் மனுசனுக்கும் சண்டை மூட்டிவிட்டுப் போனவள் அவள்.

ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், கிழமையில் ஒரு நாள் விமானத்தில் வந்திறங்கும் மரக்கறி. அவள் முருங்கைக்காய்க்கு முன்னால் நின்றாள். முப்பது வயது மதிக்கலாம். தோளில் கனத்த புத்தகப் பை, மழைச் சட்டையின் ஒரு கை மடிந்தும் ஒரு கை மடியாமலும். இந்தியப் பிள்ளை என்று பார்த்ததும் தெரிந்தது. நான் வியாபாரக் குரலில், "இண்டைக்குக் காலமை வந்த காய், பிள்ளை. நம்பி எடுங்கோ" என்றேன்.

"யாரு சொன்னாக்கா?" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நான்தான் சொல்லுறன்."

"பெட்டி வந்து இறங்குனத நீங்க பார்த்தீங்களா?"

"இவர் சொன்னவர்."

"அவரு பார்த்தாரா?"

உள்ளே அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த என் மனுசன் நிலவரம் புரியாமல், "அது போன கிழமைச் சாமான்! இண்டைக்கு வந்த பெட்டி இன்னும் உடைக்கேல்லை!" என்று அங்கிருந்தே கத்தினார். அவள் ஒரு காயை எடுத்து வளைத்தாள். அது முறியாமல் வில்லாக வளைந்து கொடுத்தது. நல்ல காலம், அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் வெளியே போகச் சொல்லியிருப்பேன். "உள்ள இருக்கிற பெட்டிய உடைச்சே குடுங்கக்கா, நான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நின்றாள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் இவருக்கு நான் கொடுத்த பேச்சுக்கு அவள்தான் காரணம்.

தூத்துக்குடிக்காரி. இங்கே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டபோது கணினி, மருந்து, இயந்திரம் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். எங்கள் கடைக்கு வருகிற இந்தியப் பிள்ளைகள் எல்லாரும் அதில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அவள், "இரும்புக் கவசம் போட்ட போர்க்கப்பல், அக்கா. அது வந்தப்புறம் கடல்ல சண்டை போடுறது எப்படி மாறுச்சுன்னு எழுதுறேன்" என்றாள். இவர் வாயைப் பிளந்தார். "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?" என்று கேட்டார். "எடுக்க முடியாதுன்னு யாரு சொன்னா?" என்றாள். அன்றிலிருந்து கடையில் அவளுக்குப் பெயர் கப்பல்காரி. கவசக் கப்பல்காரி என்று முழுதாகச் சொல்கிறவர்களும் உண்டு. குண்டு பட்டாலும் கீறல் விழாத ஆள் என்று அதற்கு அர்த்தம்.

"யாரு சொன்னா?" என்பதுதான் அவள். அதை எடுத்துவிட்டால் மழைச் சட்டைதான் மிஞ்சும். வதந்தி, புகழ்ச்சி, பத்திரிகைச் செய்தி, கலியாணப் பேச்சு, வெங்காய விலை எதுவானாலும் அவளிடம் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. நாம் பேசும்போது அவள் தலையாட்ட மாட்டாள். "ம்" கொட்ட மாட்டாள். நம் ஆட்களுக்கு எதிரில் இருப்பவர் "ம்" கொட்டாவிட்டால் பேச்சு ஓடாது. தொலைபேசியில் அவளோடு பேசுகிறவர்கள் நடு நடுவே "இருக்கிறீரோ?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நேரில் பேசினால், கண்ணை எடுக்காமல் கேட்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் கொஞ்சம் கலந்து சொல்கிற எங்கள் வழக்கமெல்லாம் தடுமாறிப் போகும். இதனால் அவளுக்குச் சிநேகிதர்கள் குறைவு. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் சில நேரம் கவலையாக இருக்கும்.

அவள் குடியிருந்த கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் ஒருநாள் கதவைத் தட்டி, கருவாடு பொரிக்கிற மணத்தைப் பற்றி ஆட்கள் முறைப்பாடு செய்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். நானாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு, ஒரு மாதம் கருவாட்டை மறந்திருப்பேன். இங்கே வந்த எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, "எந்த ஆட்கள்? வாருங்கள், கேட்போம்" என்று அந்த மனிதரையும் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு கதவிலும் அவள் கேட்க, ஒவ்வொருவரும் நான் சொல்லவில்லை என்றிருக்கிறார்கள். ஹவுஸ்மைஸ்டர் வியர்த்துப் போனார். கடைசி மாடியில் ஒரு கிழவி மட்டும் கதவைத் திறந்து, "ஆம், நான்தான் சொன்னேன். எனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது" என்றாள். கப்பல்காரி அந்தக் கிழவிக்குக் கை கொடுத்து நன்றி சொன்னாள். அதன்பிறகு கருவாடு பொரிக்கும் நாளில் கிழவியின் கதவைத் தட்டி முன்கூட்டிச் சொல்லிவிடுவாள். கிழவி அந்த நேரம் நாயோடு நடக்கப் போவாள். கப்பல்காரி ஹம்பேர்க்கை விட்டுப் போகும்வரை இருவரும் நல்ல ஒட்டு.

சொன்ன ஆள் முன்னுக்கு வந்தால் அவளுக்குப் போதும். ஒளிந்துகொண்டு "ஆட்கள் சொல்கிறார்கள்" என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியாது.

படிப்புக்காரருக்கு இத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் சனிக்கிழமைகளில் எங்கள் கடையில் நிற்க வந்தாள். வியாபாரம் படுத்தது. கத்தரிக்காய் நல்லதா என்று கேட்டவர்களுக்கு உண்மையைச் சொன்னாள். "இந்தப் பிள்ளையை வைச்சிருந்தால் கடையைப் பூட்டிப்போட்டு நானும் கப்பல் படிக்கப் போகவேண்டியதுதான்" என்று இவர் புலம்பினார். ஆனால் மெல்ல மெல்ல ஒரு கூட்டம் அவளுக்காகவே வரத் தொடங்கியது. தேத்தண்ணியைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்துக்கொண்டு, நின்றபடியே அவள் கப்பல் கதை சொல்வாள். ஆட்கள் வாங்கிய பையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

"இரும்புக் கப்பல் வந்த உடனை மரக்கப்பல் முடிஞ்சுது. அவ்வளவுதானே?" என்று ஒருநாள் இவர் ஆரம்பித்தார்.

"யாரு சொன்னாண்ணே? பிரெஞ்சுக்காரன் மொதமொதல்ல விட்டது பாதி மரம்தான். உள்ள மரம், வெளிய இரும்புச் சட்டை."

அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஒழுங்காக நினைவிருக்கிறது. முந்திய காலத்தில் பீரங்கியிலிருந்து வந்தது வெறும் இரும்பு உருண்டை. மரத்தில் ஓட்டை போடும், ஆட்களைக் கொல்லும், ஆனால் கப்பல் மிதக்கும். பிறகு உள்ளே மருந்து அடைத்து வெடிக்கிற குண்டு வந்தது. கருங்கடலில் ரஷ்யக் கப்பல்கள் அதைப் போட்டுத் துருக்கியரின் மரக்கப்பல் கூட்டத்தையே எரித்துவிட்டன. பார்த்த எல்லா நாட்டுக்கும் பயம் பிடித்தது. கப்பலுக்கு இரும்பு உடுத்தினார்கள். அமெரிக்காக்காரர் தங்களுக்குள் அடிபட்டபோது ஒரு கவசக் கப்பல் வந்து ஒரே நாளில் இரண்டு பெரிய மரக்கப்பல்களை முடித்தது. அடுத்த நாள் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கவசக் கப்பல் வந்தது. இரண்டும் கிட்ட நின்று மணிக்கணக்காக அடித்துக்கொண்டன. ஒன்றையொன்று உடைக்க முடியவில்லை. களைத்துப்போய் இரண்டும் திரும்பின. இரண்டு பக்கமும் வென்றது நாங்கள்தான் என்று அறிவித்தன.

"அப்ப ஆர் வெண்டது?" என்று மல்லித்தூள் வாங்க வந்த ஒருவர் கேட்டார்.

"இரும்பு செய்றவன்" என்றாள்.

அதற்குப் பிறகு பெரிய பீரங்கி, அதற்குத் தடித்த தகடு, அதற்கு இன்னும் பெரிய பீரங்கி. குண்டு துளைக்காததால் கப்பலின் மூக்கில் கொம்பு வைத்து முட்டப் பார்த்தார்கள். ஒரு சண்டையில் அது பலித்துவிட்டது. உடனே எல்லா நாடும் கொம்பு வைத்தது. பிறகு அந்தக் கொம்பு எதிரியைக் குத்தியதைவிடக் கூட வந்த கப்பலைக் குத்தியதுதான் அதிகம். ஜெர்மன்காரரின் புதுக் கவசக் கப்பல் ஒன்று அமைதிக் காலத்தில், இங்கிலாந்துக் கரையோரம், தன் கூட்டாளிக் கப்பல் முட்டியே தண்ணீருக்குள் தாண்டு போனதாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் சுருதி இறங்கும். "இருநூத்தம்பது பேருக்கு மேல செத்தாங்க. எதிரின்னு ஒருத்தன்கூட அந்தப் பக்கம் இல்ல."

அப்போது ஒரு பெடியன் ஒரு நாட்டுக் கடற்படையைச் சொல்லி ஏதோ பகிடி விட்டான். எந்த நாடு என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நான் தராசுத் தட்டை மேசையில் ஓங்கி வைத்தேன்.

"போதும். என்ரை கடைக்குள்ளை இனிமேல் போர்க்கப்பல் கதை வேண்டாம்."

கூட்டம் கலைந்தது. அவள் கலையவில்லை. "ஏன்கா?" என்றாள். மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். அந்தப் பழக்கமே அவளிடம் இல்லை. மத்தியானம் ஆட்கள் இல்லாத நேரம், பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னேன். போர்க்காலத்தில் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது கடலேரியைப் படகில் கடக்க வேண்டியிருந்தது. மரப் படகு. ஆட்களை அடியில் படுக்க வைத்து, மேலே தறப்பாளை இழுத்து மூடினார்கள். கடற்படை வந்தது. சுட்டது. எங்களுக்குப் பின்னால் வந்த படகு வந்து சேரவில்லை. அதில் என் தம்பி இருந்தான்.

ஜெர்மனிக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டேன். விசாரணையில் ஒரு அதிகாரி, மரியாதையான ஆள்தான், ஒவ்வொன்றாகக் கேட்டார். சுட்டவர்களைப் பார்த்தீர்களா? இல்லை. எந்தப் படகு என்று பார்த்தீர்களா? இல்லை. தம்பியின் படகு மூழ்கியதைப் பார்த்தீர்களா? இல்லை, நாங்கள் தறப்பாளுக்குக் கீழே கிடந்தோம். விண்ணப்பதாரி எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக்கொண்டார். விண்ணப்பம் தள்ளுபடியானது. பிறகு வழக்கறிஞர் வைத்து இழுபட்டுத்தான் எங்களை இங்கே இருக்க விட்டார்கள்.

சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். "யாரு சொன்னா?" என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அவளை நான் அடித்திருப்பேன். அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "உங்க காதுல என்னக்கா கேட்டுச்சு?" என்றாள்.

அதை என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதிகாரி கேட்கவில்லை, வழக்கறிஞர் கேட்கவில்லை, இவர்கூடக் கேட்கவில்லை. வாய் தானாகத் திறந்தது. இரண்டு எஞ்சின் சத்தம், ஒன்று எங்களுடையது, இருமி இருமி ஓடுவது. மற்றது சீரானது, தூரத்தில். பிறகு எங்கள் ஓட்டி எஞ்சினை நிற்பாட்டியது. பலகைக்கு அந்தப் பக்கம், காதோடு தண்ணீர் அடிப்பது. பக்கத்தில் கிடந்த பெண் தன் பிள்ளையின் வாயைப் பொத்த, அது மூக்கால் மூச்சு இழுத்தது. தகரத்தில் கல் விழுவதுபோல் வெடிகள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல். அது தம்பியின் குரலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"அந்தக் குரல் எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு?"

"பின்னாலை, இடப்பக்கம்" என்றேன். அவள் கேட்கும்வரை அது எனக்குத் தெரிந்திருந்ததே எனக்குத் தெரியாது. அன்று நான் அழுதேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை, முதுகைத் தடவவில்லை. எழுந்துபோய்க் கடையைப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அவளைக் காணவில்லை. ஊர் ஊராக ஆவணக் காப்பகங்களுக்கு ரயிலேறிப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது கண்ணுக்குக் கீழே கருமை, கையில் புது அத்தியாயம். அவளுடைய ஆய்வில் அதுவரை மூன்று அத்தியாயம் முடிந்திருந்தது: குண்டு, தகடு, கொம்பு. ஆய்வைப் பார்த்துக்கொண்ட பேராசிரியருக்கு அவற்றில் நல்ல திருப்தி. இப்போது எழுதத் தொடங்கியது நாலாவது. கவசக் கப்பலின் வயிற்றுக்குள் இருந்தவர்கள். கொதிகலனுக்குக் கரி தள்ளியவர்கள், குண்டு தூக்கிக் கொடுத்தவர்கள். அந்த அமெரிக்கச் சண்டையில் ஒரு கப்பலில் பீரங்கிக் கோபுரம் சுற்றிச் சுற்றி வரும். உள்ளே நின்றவர்களுக்குக் கப்பலின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரிய வேண்டுமே என்று தளத்தில் வெள்ளைக் குறி போட்டிருந்தார்கள். சண்டை தொடங்கியதும் குறி அழிந்துபோனது. கப்பல் தலைவனோடு பேசுகிற குழாயும் உடைந்துபோனது. ஆளை ஓடவிட்டுச் செய்தி கேட்டார்களாம். அவர்களெல்லாம் என்ன கேட்டார்கள், மேலே நடந்ததைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கடிதங்களிலும் விசாரணைப் பதிவுகளிலும் தேடித் தேடி எடுத்திருந்தாள்.

என்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வேறு கடல், வேறு நூற்றாண்டு, கலக்கக் கூடாது என்றாள். அதிலும் அவள் கறார்தான்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. அவளுக்கு உதவித்தொகை எடுத்துக் கொடுத்தவர், நத்தார்ப் பெருநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவர். அவர் நாலாவது அத்தியாயத்தை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இந்த மனிதர்கள் ஒன்றையும் பார்க்கவில்லை, இவர்களை வைத்து எதையும் நிறுவ முடியாது, இதை எடுத்துவிடு என்றார். முதல் மூன்று அத்தியாயங்களோடு கொடுத்தால் மிக நல்ல தரத்தில் பட்டம் கிடைக்கும், தன்னுடைய அடுத்த ஆராய்ச்சித் திட்டத்தில் வேலையும் தரலாம், வேலை இருந்தால் விசாவும் நீளும். நாலாவது இருந்தால் தன்னால் கைகொடுக்க முடியாது. ஒளிவுமறைவு இல்லாமல் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்காக அவரை அவள் மதித்தாள். கீழ்ப்படியவில்லை, அவ்வளவுதான்.

உலகக் கிண்ணக் கால்பந்து நடந்த கோடை அது. தெருவெல்லாம் கொடியும் கூச்சலும். எங்கள் கடைக் கண்ணாடியிலும் இவர் ஒரு கொடி ஒட்டியிருந்தார். அந்தக் கொடிக்குக் கீழே நின்றுதான் நான் அவளைக் கெஞ்சினேன்.

"ஒரு அத்தியாயம்தானே, பிள்ளை. இப்ப வெட்டிப்போட்டுப் பட்டத்தை எடும். பிறகு அதைத் தனியா எழுதும். ஆர் வேண்டாம் எண்டது?"

"முடியாதுக்கா."

"உமக்கென்ன விசரே? விசா முடிஞ்சால் என்ன செய்வீர்? இஞ்சை நிக்கிறதுக்கு நாங்கள் பட்ட பாடு உமக்குத் தெரியாது. ஒரு பேப்பருக்காகக் காலிலை விழுந்திருக்கிறம்."

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "உங்க ஆபீசர் எழுதுனதையே நானும் எழுதச் சொல்றீங்களா? எதையும் பார்க்கலன்னு எழுதி மூடிட்டுப் போகவா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. என் கதையைச் சொல்லி என் வாயையே அடைக்கிறாளே என்ற கோபம். இரண்டு சனிக்கிழமை நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் சமாதானத்துக்கு வரவில்லை. மூன்றாம் சனிக்கிழமை நானே தேத்தண்ணியை வைத்தேன். அவள் எடுத்துக் குடித்தாள். சமாதானம் அப்படித்தான் ஆனது.

இலையுதிர்காலத்தில் அவளுடைய ஆய்வுக்கான வாய்மொழிச் சோதனை நடந்தது. இங்கே அதற்கு விரும்பியவர்கள் வந்து உட்கார்ந்து கேட்கலாம். அவள் ஒருவரையும் அழைக்கவில்லை. நாங்கள் போனோம். இவர் கோட் போட்டுக்கொண்டார். நான் விடியவே எழும்பி உளுந்து வடையும் ரோல்ஸும் செய்தேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதிப்பேர் கடைசி வரிசைகளை நிரப்பினார்கள். முன்னால் பேராசிரியர்கள், நடுவில் அவள், அந்த மழைச் சட்டையில்லாமல்.

எங்களுக்குத் தெரிந்த மேடை விவாதம் பட்டிமன்றம் ஒன்றுதான். அவள் முதல் கருத்தை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லி நிறுத்தியதும் எங்கள் வரிசை முழுக்கக் கைதட்டியது. தலைமை தாங்கிய அம்மா திடுக்கிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இங்கே நடுவில் கைதட்டுவதில்லை, எல்லாம் முடிந்தபிறகு விரல் முட்டியால் மேசையில் தட்டுவது வழக்கம் என்று பொறுமையாகச் சொன்னார். இவர் அதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். அடுத்த கருத்துக்குக் கை தட்டாமல் மேசையைத் தட்டினார். அதற்கடுத்த கருத்துக்கும் தட்டினார். நான் அவர் தொடையில் கிள்ளினேன். "மேசையிலை தட்டலாம் எண்டுதானே சொன்னவ?" என்று என்னோடு குசுகுசுத்தார். கப்பல்காரி எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பிறகு இரண்டாவது பரிசோதகர் பேசினார். மெலிந்த மனிதர், குரல் தாழ்ந்தது. நாலாவது அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதில் நீங்கள் கொண்டுவந்த சாட்சிகளில் யார் போரைப் பார்த்தார்?" என்று கேட்டார்.

"யாரும் பார்க்கவில்லை" என்றாள்.

"அப்படியானால் இவர்கள் எப்படிச் சாட்சிகள்?"

ஊரையெல்லாம் பார்த்தாயா பார்த்தாயா என்று கேட்டுத் திரிந்தவளிடம் அதே கேள்வி. அவள் அவசரப்படவில்லை.

"மரக்கப்பலில் பீரங்கிக்காரன் தன் துளை வழியாக எதிரியைப் பார்த்தான்" என்று ஜெர்மனில் தொடங்கினாள்.

"அங்கே புகை இருந்தது. அவனும் அதிகம் பார்க்கவில்லை."

"உண்மை. புகை இருந்தது. புகை கலையும், இரும்பு கலையாது. கவசம் வந்தபிறகு பார்க்கிற வேலை ஒரு கீறல் ஓட்டைக்குப் பின்னால் நின்ற இரண்டொருவருக்குத்தான் மிஞ்சியது. மற்ற எல்லாரும் கேட்டார்கள். பயந்தார்கள், ஊகித்தார்கள், கரி தள்ளினார்கள். கவசக் கப்பல் கடற்போரில் செய்த மாற்றம் என்ன என்று எழுதத்தான் நான் வந்தேன். போர் செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் போரைப் பார்க்க முடியாமல் போனதுதான் அந்த மாற்றம். இப்போது நீங்கள், அவர்கள் பார்க்கவில்லை, ஆகவே எழுதாதே என்கிறீர்கள். பார்த்தவன் மட்டும்தான் சாட்சி என்றால் இனிமேல் தளபதிகள் மட்டும் பேசட்டும். நான் அதற்கு உடன்பட மாட்டேன்."

என் மனுசன்கூடத் தட்டவில்லை.

அவர்கள் எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதைத்தார்கள். தாழ்வாரத்து ஜன்னல் கட்டையில் வடைத் தட்டை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவள் நின்றபடியே ஒரு வடை தின்றாள். "உளுந்து நல்லா அரைஞ்சிருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்தால் அது உண்மை. கூப்பிட்டார்கள். தேர்ச்சிதான், ஆனால் கடைசித் தரத்தில். அதோடு ஒரு நிபந்தனை. இங்கே ஆய்வைப் புத்தகமாக அச்சிட்ட பிறகுதான் பெயருக்கு முன்னால் டொக்டர் போடலாம். அச்சிடும்போது நாலாவது அத்தியாயத்தை நீக்க வேண்டும் என்றார்கள்.

அந்த அம்மா வாசித்து முடிக்கக்கூட இல்லை. கப்பல்காரி, "நைன்" என்றாள். இல்லை என்பதற்கு அதைவிடச் சின்னச் சொல் அந்த மொழியில் கிடையாது.

பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தருவதாகச் சொன்ன வேலை அதோடு போனது. அவள் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு அலுவலகத்தில் கொள்கலன் பத்திரம் எழுதுகிற வேலை பிடித்தாள். எப்படியோ விசா நீண்டது. கடையில் யாராவது பிரியத்தில் "டொக்டர், எப்பிடிச் சுகம்?" என்றால் முகத்தை இறுக்கிக்கொண்டு, "நான் டாக்டர் இல்ல. இன்னும் அச்சாகல" என்பாள். பட்டத்தைக் கடையிலே கொடுத்துவிடலாம் என்று நாங்கள் நினைத்தோம். அவள் அதையும் வாங்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கும் அவளுக்கும் நடந்த இழுபறி அடுத்த ஆண்டு முழுக்க ஓடியது. அவர்கள் பின்னிணைப்பாக வை என்றார்கள். மாட்டேன் என்றாள். பாதியாகக் குறை என்றார்கள். மாட்டேன். தலைப்பை மாற்று. மாட்டேன். அவளுக்காக வாதாட யாரும் இல்லை. இடையில் பழைய பேராசிரியரே, நாலாவது அத்தியாயத்தோடு தனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் அதை அவள் விரும்பியபடி அச்சிட விடவேண்டும் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம். யார் சொன்னது என்று அவள் நேரே அவரிடமே போய்க் கேட்டு வந்தாள். நான்தான் சொன்னேன் என்றாராம்.

கடைசியில் ஒரே நிபந்தனையில் வந்து நின்றார்கள். நாலு அத்தியாயமும் அப்படியே இருக்கலாம். ஆனால் முன்னுரையில், தன் சாட்சிகளின் குறைபாட்டை அவள் வாசகருக்கு ஒளிக்காமல் தெரிவிக்க வேண்டும். இது அவமானம், ஒப்புக்கொள்ளாதே என்று இந்த முறை நான்தான் சொன்னேன். அவளோடு பழகி எனக்கும் அந்தக் குணம் தொற்றியிருந்தது. "ஏன்கா? குறை இருக்குறது உண்மைதானே. எழுதிக் குடுக்குறேன்" என்றாள். அவள் பணிந்துவிட்டாள் என்று எனக்கு மனம் விட்டுப்போனது. இதற்காகவா இத்தனை பாடு என்று அன்று இரவு இவரிடம் சொல்லிக் குறைப்பட்டேன்.

புத்தகம் வந்த மாதம் அவள் ஹம்பேர்க்கை விட்டு வடக்கே ஏதோ நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் ஒரு பிரதியைக் கடை மேசையில் வைத்துவிட்டு, எனக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கக்கூட நேரமில்லாத சனிக்கிழமைக் கூட்டத்தில், "வாறேன்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். நான் தாங்க முடியாமல் அப்போதே திறந்தேன். முன்னுரை ஒரு பக்கம்கூட இல்லை. வரிசையில் நின்றவர்களை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, முதல் வரிகளை ஜெர்மனில் ஒருதரம் உரத்து வாசித்தேன். பிறகு தமிழிலும் சொன்னேன்.

"இந்தப் புத்தகத்தில் சாட்சி சொல்கிறவர்களில் அநேகர் எதையும் பார்க்கவில்லை. அதனால்தான் இது எழுதப்பட்டது."